இணைக்கொம்பு

துணிப்பை மூவாயிரத்து இருநூறு.
கோராத் துணி, நீளக் கைப்பிடி,
ஒரு பக்கம் மட்டும் கறுப்புப் பிரிண்ட்.
தெற்காசிய இலக்கிய விழாவாம், நாலு நாள்.
வருகிறவர்கள் தோளுக்கெல்லாம் ஒன்று, இலவசம்.
ஷிப்பிங் மார்க்கில் ராட்டர்டாம்.
விழா அங்கேதானா,
அங்கிருந்து இன்னும் லாரி ஏறணுமா,
அங்கேரிபாளையத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

பையின் மேல் ஒரே சொல்
எட்டு மொழியில், எட்டு வரி.
ஐந்தாவது நம்முடையது.
ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தபோதே பார்த்துவிட்டேன்:
க.
த.
அதற்கப்புறம்
ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு
தனியாக இணைக்கொம்பு,
வண்டிக்குப் பின்னால் பூட்டிய மாடு.

மோகனப்பிரியாவுக்கு ஃபோன் போட்டேன்.
"பையர் ஓகே பண்ணுன ஆர்ட்வொர்க்குங்கக்கா.
ஒரு புள்ளி மாறுனாலும் டெபிட் போட்டுருவாங்க."
"தப்பா இருக்குது அம்மிணி."
"இருக்கட்டுங்க. அப்ரூவல் அதுக்குத்தானுங்களே."
வைக்கும் முன்னால் அவளே இரங்கி,
"நம்மூர்ல எல்லாருமே கத-ன்னுதானுங்க சொல்றோம்?"

சொல்கிறோம்தான்.
கத உடாதடா என்றுதான் என் மகனையும் வைகிறேன்.
வாய் கொம்பை விழுங்கிவிடும்,
மை விழுங்கக் கூடாது.

பித்யாதர் ஃபிரேம் கழுவிய ஈரக்கையோடு எட்டிப் பார்த்தான்.
பலாங்கீர்ப் பையன், வந்து மூன்று வருஷம்.
ஏழாம் வரியில் விரல் வைத்துச் சிரித்தான்.
"இது ஒடியா இல்லக்கா. பெங்காலி.
மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு தடவ."
வாட்ச்மேன் தில்பகதூரைக் கூப்பிட்டுக் காட்டினோம்.
அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு
நேப்பாளி சரியாக இருக்கிறதென்றார்,
ஏதோ தானே எழுதிக் கொடுத்த மாதிரி.

அன்றைக்கு ராத்திரி எல்லாரும் போன பின்
பிளேடால் ஃபிலிமில் கொம்பை வெட்டி எடுத்தேன்.
வட்டத்தைச் சுரண்டினேன்.
த-வுக்கு முன்னால் கொம்பைச் செலோடேப்பில் ஒட்டி
இன்னொரு ஃபிரேம் எக்ஸ்போஸ் பண்ணினேன்.
பன்னிரண்டு பை.
கம்பியில் மாட்டிவிட்டு
ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.
ஃபேன் காற்றில் ஆடின,
கதை, கதை, கதை.

பையரை நினைத்தேன், பேங்க் தவணையை நினைத்தேன்.
விடிந்ததும் பழைய ஃபிரேமையே மேசையில் இறக்கினேன்.
சொன்னபடி ஓடியது ஆர்டர்,
க, த, பின்னால் ஓடிவரும் கொம்பு.

வெள்ளிக்கிழமை தூத்துக்குடி லாரி கிளம்பிய பிறகு
கம்பியைப் பார்த்தால், காலி.
"பன்னெண்டு பீஸ் ஷார்ட்டேஜ்க்கா,
மை இழுத்துருச்சு.
அதான் அதப் போட்டுட்டேன்."
எந்தக் கார்ட்டனில் என்று கேட்டேன்.
நெற்றியைச் சொறிந்தான். அறுபத்து நாலு கார்ட்டன்.
ஒரே கார்ட்டனிலா, பிரித்துப் போட்டானா,
அதுவும் நினைவில்லை.

மை இழுத்ததெல்லாம் காதர்பேட்டைக்குப் போனது.
போன வாரம் தென்னம்பாளையம் சந்தையில்
ஒருவர் தோளில் பார்த்தேன்.
முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது,
எட்டு மொழிக்கு மேலே.
தக்காளிக்காரரோடு ஒன்றரை ரூபாய்க்கு மல்லுக்கட்டியவர்
பையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

விழா முடிந்திருக்கும் இந்நேரம்.
டெபிட் வருவதானால் நாற்பத்தைந்து நாளுக்குள் வரும்.
வந்தால் எனக்கு நஷ்டம், சந்தேகமே இல்லை.
ஆனால் வருவதென்றால்
அங்கே யாரோ ஒருத்தர்
பக்கத்துத் தோளையும் தன் தோளையும்
வைத்துப் படித்துப் பார்த்திருக்கணும்.

இன்றோடு முப்பத்தெட்டு.
காலையில் மோகனப்பிரியாவிடம் கேட்டேன்.
"ஒண்ணும் வரலீங்கக்கா, சந்தோசமா இருங்க" என்றாள்.