உருகும் முதல்

வாராக்கடன் என்று எழுதிக் கணக்கை மூடத்தான்
கிசுமுவிலிருந்து என்னை அனுப்பினார்கள்.
ஹோமா பே துறையில் இறங்கியபோது மணி ஒன்பது;
வெயிலுக்கு அதற்குள் வயதாகியிருந்தது.

அபோந்தி தன் கொட்டகை வாசலில்
மரத்தூளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.
ஐஸ் வியாபாரம்.
ஏரிக்குள் போகும் படகுக்குக் கட்டியாக,
திரும்பி வரும் மீனுக்குப் பொடியாக.
மூன்று நாளாய் மின்சாரம் இல்லை.
ஒரு வாரமாய் ஆகாயத்தாமரை
துறையை அடைத்துக்கொண்டு பூத்துக் கிடந்தது.
ஒரு படகும் அசையவில்லை.
கொட்டகையிலிருந்து ஒரு நீர்க்கோடு மட்டும்
ஏரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது,
யாருக்கும் பாக்கி வைக்காதவனைப் போல
நிதானமாக.

வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்களை
வாரத்துக்கு நாலு பேர் பார்க்கிறேன்.
ஐஸில் சுட்டுக்கொண்டவளை
அன்றுதான் பார்த்தேன்.

என் படிவத்தில் பதினொரு கட்டங்கள்.
கையிருப்பு எவ்வளவு என்று கேட்டேன்.
"இப்போதா?
நீங்கள் கேட்க ஆரம்பித்தபோதா?" என்றாள்.

முதலுக்கே மோசமாகிவிட்டதே, அம்மா.

அவள் குனிந்து நீர்க்கோட்டில் விரலை நனைத்து
நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.
"யார் முதல்தான் உருகவில்லை?
எதிர்க்கடைக்காரர் துணி மடிப்பிலேயே வெளுக்கிறது.
உங்கள் சம்பளம் இருபதாம் தேதி எங்கே இருக்கிறது?
என்னுடையது உருகும்போது
என் கண்ணுக்குத் தெரிகிறது. அவ்வளவுதான்."

பிறகு ஒரு குச்சியை எடுத்துக் காட்டினாள்.
மணிக்கு ஒரு வெட்டு.
மரத்தூள் போட்ட மூலையில்
பகலெல்லாம் நாலு விரற்கடை குறைந்திருக்கிறது.
கோரைப்பாய் சுற்றியதில் மூன்று.
அஹேரோ வயல்களிலிருந்து இரண்டு மூட்டை நெல் உமி
கடன் சொல்லி வாங்கிப் போட்டாளாம்;
அதில் இரண்டே இரண்டு.
"இதை இப்படி ஒரு நாளில்தான் அளக்க முடியும்.
நல்ல நாளில் ஐஸ் எங்கே நிற்கிறது,
பத்து மணிக்கெல்லாம் விற்றுப்போகும்."

மூன்று இரவாகத் தூங்காத கண்கள்.
பெருமையாகச் சொன்னாள் என்று எழுத மாட்டேன்.
பல்வலிக்காரி
எந்தப் பல் என்று தொட்டுக் காட்டுவதுபோல் சொன்னாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
ம்பிட்டாவில் ஒகோலாவும் இப்படித்தான் இருந்தார்.
இதே நெஞ்சுரம், இதைவிட நல்ல இயந்திரம்.
குச்சிகூட வைத்திருந்தார் என்று ஞாபகம்.
அவர் இயந்திரத்துக்குள் இன்று
கோழிகள் அடைகாக்கின்றன.
மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பவர்கள்
ம்பிட்டா வரை ஒருநாள் வந்து போகலாம்.
மார்க்கம் சில சமயம்
ஆகாயத்தாமரைக்கு அடியில் இருக்கிறது.

கிளம்பும்போது ஒரு துண்டு ஐஸை
பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு
உமி தூவிக் கையில் கொடுத்தாள்.
இந்த மாதத் தவணையாக
வரவு வைத்துக்கொள்ளச் சொன்னாள்.
அப்போதுதான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மினிபஸ்ஸில் ஜன்னலோரம்.
கெண்டு பேயில் திறந்து பார்த்தேன், முஷ்டி அளவு.
கட்டிட்டோவில் முட்டை அளவு.
அஹேரோவில், வயல்கள் தொடங்கும் இடத்தில்,
கோலிக்குண்டு.
எதற்கென்று தெரியாமலே
படிவத்தின் ஓரத்தில் நேரங்களைக் குறித்துக்கொண்டு வந்தேன்.
பதினைந்து வருடம் கடன் எடைபோடும் வேலை;
கரைந்ததைத்தான் எழுதியிருக்கிறேன்,
கரையும் வேகத்தை ஒருநாளும் எழுதியதில்லை.

பதினோராவது கட்டம்: பரிந்துரை.
மூன்று மாத அவகாசம் என்று எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.
'அளந்துகொண்டிருக்கிறார்' என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.

மேலாளர் தாளைத் தூக்கிப் பார்த்தார்.
காரணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை,
இதென்ன ஈரம் என்றார்.

கடன் அடைந்ததா என்கிறீர்களா?
முக்கால்வாசி.
மீதிக்குத்தான் நாளை போகிறேன்,
காலையிலேயே,
வெயில் இளமையாய் இருக்கும்போதே.