ஒரு கால்

மூன்றாம் நாளாக அடைமழை.
இருபத்திரண்டு டிகிரி என்றது வானொலி,
தீவே நடுங்கிவிட்டது.
ஜப்பான் பயணத்துக்கு வாங்கிய கம்பளிச் சட்டையை
மழைக்கோட்டுக்குள் திணித்துக்கொண்டு
சுங்கை பூலோவில், ஒழுகும் மர மறைவிடத்தில் நிற்கிறேன்.
எதிரே, சைபீரியாவுக்குத் தப்பி வந்தவை
இந்தக் குளிரை
வெயில் என்று எண்ணி நிற்கின்றன.

ஓதம் ஏறும் நேரம்.
ஜொகூர் நீரிணை சேற்றைத் தின்னத் தின்ன
பழைய இறால் குளத்துக்கு ஒதுங்குகின்றன.
ஒதுங்கியபின் ஒரு மணி நேரம்தான் நமக்கு.

ஹஸ்லினாவுக்கு உப்புக்கொத்திகள்.
பூன் கியாட்டுக்குக் கொக்கும் நாரையும்.
எனக்குப் பவளக்கால் உள்ளான்;
பெயரில் உள்ள பவளம்
இந்தச் சாம்பல் மழையில் எவர் கண்ணுக்கும் தெரியாது.
வேலை, சண்டை, கடன் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் எனக்கு
எண்ணுவது மட்டும் வாய்க்குள் தமிழில்.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு,
கண்ணாடியில் நீர், துடை,
முப்பத்தெட்டா, நாற்பத்தெட்டா?

நூற்றுப் பன்னிரண்டில் கழுகின் நிழல்.
குளம் முழுதும் ஒரே உதறலில் மேலே போனது.
காற்று அவற்றை மடித்தது, விரித்தது,
வேறு வரிசையில் கொண்டுவந்து வைத்தது.

ஒன்று.

முடிவில் எனக்கு இருநூற்றுப் பதினாறு.
ஹஸ்லினா சரிபார்த்தாள்: நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
அலுவலகத்தில் பத்துக் காசு இடித்தாலும்
வீட்டுக்குக் கிளம்பாதவள் நான்.
இந்தப் பதினெட்டும்
பறவையா, மழையா, என் ஆசையா?
சின்ன எண்ணை எழுது என்றாள்.
எழுதினேன். இந்த ஈரத்தில் பென்சில்தான் எழுதும்.

அப்போதுதான் கரையோரத்தில் அது.
கூட்டத்தை விட்டு, அலகை முதுகில் செருகி,
ஒற்றைக் காலில்.
தெரிந்த காலில் வளையம் இல்லை.
மற்றது இறகுக்குள்.
யாரோ எங்கோ மாட்டிய கொடி அதில் இருக்கலாம்,
படித்தால் ஊர் தெரியும் நாலு எழுத்து இருக்கலாம்,
காலே இல்லாமலும் இருக்கலாம்.

காத்திருந்தோம்.
பூன் கியாட்டின் குடுவையில் தேநீர் தீர்ந்தது.
உடும்பு ஒன்று நீந்திக் கடந்தது,
அது எந்தக் கட்டத்திலும் வராது.
ஒருமுறை உள்ளான் உடலைச் சிலிர்த்தது.
மூவரும் மூச்சைப் பிடித்தோம்.
அதே காலில் தத்தி
அரையடி தள்ளி நின்றது.

ஓதம் இறங்கத் தொடங்கிவிட்டது.
நூற்றுத் தொண்ணூற்றெட்டில் இது உண்டா என்று
மூவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
பவளக்கால் உள்ளான், ஒன்று.
கால், ஒன்று.
மற்றது பார்க்கவில்லை.