ஈரம்

ஸீலாந்தில் கடல்
வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கும்.
க்ரெய்ன் போகார்டுக்கு அணைக்கரைக் காவல்,
முப்பத்தொரு வருடமாக.
எலி வளை இருக்கிறதா,
எந்தக் கல் அரை விரல் நகர்ந்திருக்கிறது,
புல் எங்கே காரணமில்லாமல் பச்சையாக இருக்கிறது
என்று பார்த்துக்கொண்டே நடப்பார்.
மழை அங்கி. பென்சில். நோட்டு.

நவம்பரில் வானொலி சொன்னது:
அகதிகள் அலை அலையாய். வெள்ளம்.
மடை உடைந்துவிட்டது.
கேட்டுக்கொண்டிருந்தபோதே அவர் கை
மேசைக்கடியில்
இல்லாத மணல்மூட்டை ஒன்றைத் தேடியது.

பழைய பள்ளிக்கூடத்தில்
நூற்றிருபது பேரைத் தங்கவைக்கலாமா
என்று ஊர் கூடியது.
பல் வைத்தியர், பூ வியாபாரி, பாதிரியார்
எல்லோருக்கும் அன்று அணைக்கரை பாஷை:
அழுத்தம், கசிவு, கொள்ளளவு.
வெள்ளம் என்று சொல்லிவிட்டால் அப்புறம்
பெயர் கேட்கத் தோன்றுவதில்லை.
எத்தனை அடி என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

க்ரெய்ன் எழுந்தார்.
விவரம் தெரிந்தவர் என்று கூட்டம் அடங்கியது.
"நான் தண்ணீரைப் பார்த்தவன்.
தண்ணீர் வரிசையில் நிற்காது.
அதற்குச் செருப்பு கடிக்காது.
ரொட்டி என்ன விலை என்று
எந்தத் தண்ணீரும் என்னிடம் கேட்டதில்லை."
மேலே என்ன சொல்வதென்று தெரியவில்லை.
உட்கார்ந்துவிட்டார்.
யாரோ சிரித்தார்கள்.
நாலு ஓட்டில் தோற்றது.

பிறகு மாகாணம் உத்தரவு போட,
நாற்பது பேர் வந்தார்கள்.
மொழி வகுப்பில் அலை என்ற சொல் வந்த நாள்
அப்ரெஹெத் கையைத் தூக்கினாள்:
"செய்தியில் சொல்லும் அலை நாங்களா?
நாங்கள் அலைக்குள் இருந்தோம்.
ஒன்பது மணி நேரம்."
ஆசிரியை பலகையை அழித்தாள்.
சுண்ணாம்புத் தூள் கொஞ்ச நேரம் பறந்தது.

எனக்கும் இதில் பங்கு உண்டு.
மக்கள் வெள்ளம் என்று
நாங்கள் பெருமையோடு போஸ்டர் ஒட்டுவோம்.
இரக்கமற்றவனை
நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று ஏசுவோம்.
க்ரெய்னின் ஊரிலோ
ஈரமில்லாத கரைதான் நல்ல கரை.
ஈரத்தை நம்பி அவர்கள் தூங்க முடியாது.
அதை நம்பித்தான் நாங்கள்
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்.
ஒரே தண்ணீர்.
எந்தப் பக்கம் நின்று பெயர் வைத்தோமோ
அந்தப் பக்கமே பயம், அந்தப் பக்கமே தாகம்.

பிப்ரவரியில் அவளும் அவருடன் கரையில் நடக்கிறாள்.
சம்பளம் உண்டு, வாரம் மூன்று நாள்.
காற்றில் பேச்சு கேட்காது.
ஓரிடத்தில் குனிந்து
கையுறையைக் கழற்றி
புல்லின் மேல் உள்ளங்கையை வைக்கிறாள்.

"இங்கே ஈரம்" என்கிறாள்,
புதிதாகக் கற்ற மொழியில்.

அவர் மண்டியிட்டு
அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்க்கிறார்.
பிறகு பென்சிலைத் தேடுகிறார்.