உள்ளுக்கோ, வெளியாலயோ

பாசையூர் முழுக்க வலை.
மதில்மேல வலை, வேலியில வலை,
கோயில் முற்றத்தில காயிற வலை.
எங்கட பள்ளிக்கூடக் கோலுக்கு மட்டும் இல்லை.

உள்ளுக்குப் போன பந்து நிக்காது.
ரோட்டைக் கடந்து
ஐஸ் பெட்டி அடுக்கின வாடியைக் கடந்து
சிலநேரம் கடல்வரைக்கும்.
விட்டவள்தான் எடுத்துவர வேணும், அது சட்டம்.
அதாலதான் நான் பாயப் பழகினனான்.
திறமை எண்டு பேப்பரில எழுதினவை.
ஓடப் பஞ்சி, அவ்வளவுதான்.

எமில்டா ரீச்சர் புவியியல் படிப்பிக்கிறவ.
ஒருநாளும் பந்து உதைக்காதவ.
கடற்காற்று, தரைக்காற்றுப் படத்துக்குப் பக்கத்திலயே
ஓஃப்சைட்டையும் கீறி விளங்கப்படுத்தினவ.
நாலே முக்காலுக்கு
எங்கட பின்வரிசை முழுக்கச் சப்பாத்தைக் கழற்றிப்போட்டு
விஞ்ஞான ரியூசனுக்குப் போயிடும்.
பிறகு மைதானத்தில
நானும், ரீச்சரும், விசிலும்.

சங்கத்துக்குப் போய்க் கேட்டதும் அவதான்.
யூஜின் சம்மாட்டியார் ஒரு வலை தந்தார்,
பழசு, ஆனா கிழியேல்லை.
திருக்கை வலை.
கண் பெரிசு எண்டு ஒருத்தரும் பார்க்கேல்லை.
திருக்கையைப் பிடிச்சது
பந்தைப் பிடிக்காதோ?

மாவட்ட அரையிறுதி.
டவுன் மைதானத்தில வெள்ளம்,
எங்கட வளவிலயே வைச்சவை.
ஒண்டுக்குச் சைபர், நாங்கள் முன்னுக்கு.
கடைசி நிமிசம்
இளவாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் நம்பர்
இடக்காலால அடிச்சாள்.
என்ர விரலுக்கும் கம்பத்துக்கும் நடுவால
உள்ளுக்கு வந்த பந்து
வலைக் கண்ணுக்குள்ளால வெளிய போய்
ரோட்டில உருண்டது.
வலை ஆடவேயில்லை.
நடுவர் தூரத்தில. கோல் கிக் எண்டு கை காட்டினார்.

நான் ஒண்டும் சொல்லேல்லை.
பந்தை எடுக்க ஓடினனான்.
எங்கட பெட்டையள் கட்டிப்பிடிச்சுக் கத்தினவை,
ரீச்சர் அழுதவ.
நான் ஏன் ஓடினனான் எண்டு
அந்த ஒன்பதாம் நம்பருக்கு மட்டும்
எப்பிடியோ விளங்கிப்போச்சு.
இறுதிப்போட்டியில அஞ்சு வாங்கினம், அது வேறை கதை.

இப்ப ஞாயிறு காலமை அக்கடமி.
செயற்கைப் புல்.
கறுப்பு றப்பர் தூள் சப்பாத்துக்குள்ள வீடுவரை வரும்.
மிளகைக் கொட்டினது ஆரடி எண்டு அம்மா கூட்டுவா.
கோல் காக்கிறவைக்கு எண்டே தனிப் பயிற்றுநர்.
முதல் நாளே சொன்னார்,
“கோட்டில நிண்டு பாயாதை. வெளிய வா.
கோணத்தைச் சுருக்கு.”
மூண்டு வருசம் பாய்ஞ்சதெல்லாம்
பிழையான இடத்தில நிண்டு பாய்ஞ்சது.
அண்டைக்கு எனக்குக் கோபம் வந்தது.
ஆரில எண்டுதான் தெரியேல்லை.
திங்கட்கிழமை போய் எமில்டா ரீச்சரிட்டச் சொன்னன்,
கொஞ்சம் சூடாத்தான்.
அவ கொப்பியை எடுத்தவ.
“எத்தினை அடி வெளிய வரவேணுமாம்?”
எழுதிப்போட்டு
ஆறாம் வகுப்புச் சின்னனுகளைக் கூப்பிட்டவ.

அக்கடமியிலதான் திரும்பக் கண்டனான் அவளை.
பேர் சுகிர்தினி.
இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நிறச் சட்டை.
விடிய முதல் பஸ் எடுத்து வருவாள்,
வந்து எனக்கு முப்பது பந்து அடிப்பாள்.
இங்க புது வலை, வெள்ளை நைலோன், சின்னக் கண்.
உள்ளுக்கு வந்த பந்து போக வழியில்லாமல்
என்ர காலடிக்கே திரும்பிவரும்.
ஒவ்வொண்டுக்கும் கேட்பாள்,
“உள்ளுக்கோ, வெளியாலயோ?”
பேசாமல் எடுத்து எறிவன்.

போன கிழமை, பதினேழாவது பந்து.
“உள்ளுக்குத்தான்” எண்டன்.
“அண்டைக்கு அடிச்சதும்.”

அவள் சிரிக்கேல்லை.
பந்தைப் பெட்டி விளிம்பில வைச்சு
ரெண்டடி பின்னுக்குப் போனாள்.
“வெளிய வாடி” எண்டாள்,
“இடப்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கு.”