மீசை விழும் இடம்

செவ்வாய்ப்பேட்டையில் வெல்லமண்டியாய் இருந்த கிடங்குதான்
எங்கள் நாடகக் கொட்டகை.
மண்டி போய்ப் பதினோரு வருஷம்,
எறும்புகள் மட்டும் இன்னும் காலி செய்யவில்லை.
சனிக்கிழமைதோறும் ராஜாவின் கிரீடத்தைத்
தட்டித் தட்டித்தான் தலையில் வைக்கிறோம்.

நான் பக்கத்திரைக்குள் ஒளிந்திருந்து
வரி மறந்தவர்களுக்கு வரி கொடுக்கிறவள்.
பேர் எஸ்தர். நோட்டீசில் வந்ததில்லை,
ஒருநாள் தவிர.
அன்றைக்கும் அச்சுக்காரர் 'ஈஸ்வர்' என்று போட்டார்.

'தாழிக்கோட்டை ராணி' அழுகிற நாடகமாய் எழுதப்பட்டது.
இருபத்திரண்டு பாட்டு, மூன்று சாவு.
எழுதியவர் ஆத்தூரில் கணக்கு வாத்தியார்;
சாவுகளைக்கூட மார்ஜின் விட்டு எழுதியிருந்தார்.
அந்த மார்ஜினில்தான் நான்
பென்சிலோடு குடியிருக்கிறேன்.

முப்பத்தேழாவது ராத்திரி,
பிரிவுப் பாட்டின் நடுவில் ராஜாவின் மீசை பாதி கழன்று
மாதேசின் மூச்சுக்கு மூச்சு கதவுபோல் ஆடியது.
குஞ்சிதம் பாட்டை நிறுத்தாமல் கையை நீட்டினாள்,
எடுத்தாள், முந்தானையில் முடிந்துகொண்டாள்:
"போருக்குப் போகிறவருக்கு இது எதற்கு,
என்னிடம் இருக்கட்டும்."
கிடங்கு எழுந்து நின்றது.
அழுதார்களா சிரித்தார்களா, இன்றைக்கும் தெரியாது.
கணக்கு வாத்தியார் மூன்றாம் வரிசையில்
இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.
மார்ஜினில் எழுதினேன்: இங்கே மீசை விழும்.

அதற்குப் பிறகுதான் தொல்லை.
ஒட்டிக்கொண்டு இருக்கிற பசை எந்தக் கடையிலும் கிடைக்கும்,
பதினாலாம் பாட்டு மூன்றாம் அடியில் விடுகிற பசை
எங்கே கிடைக்கும்?
மைதா பார்த்தோம், சோற்றுக் கஞ்சி பார்த்தோம்,
கடைசியில் அல்போன்ஸ் ஜவ்வரிசி ஆலையிலிருந்து
ஒரு வெள்ளைக் கூழ் கொண்டுவந்தார்.
வேர்த்தால் இருபது நிமிஷம், மழைக்காலத்தில் முப்பது.
ஆர்மோனியத்தில் பாட்டை அவரே
மீசைக்குத் தகுந்தபடி இழுப்பார், குறுக்குவார்.

எல்லாக் கோளாறையும் வைத்துக்கொள்ளவில்லை.
ராணி செத்துக் கிடக்கையில் மேலிருந்து
ஜவ்வரிசிதான் முத்துமழையாய்க் கொட்டும்.
ஒன்று மூக்குக்குள் போய்
பிணம் தும்மியது.
முன்வரிசைக் குழந்தை "நூறாயுசு" என்றது.
அதை எழுதவில்லை.
மாதேசு மைக்கை அணைக்காமல் பின்கதவோரம்
தட்டுவடை செட் தின்ற அன்று
ராணியின் ஒப்பாரிக்கு நடுவே நொறுக், நொறுக்,
"அண்ணே, காரச் சட்னி இன்னும் கொஞ்சம்."
அதையும்.
குஞ்சிதம் இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை,
மேடையில் மட்டும் 'உயிரே' என்றாள்.

ஐந்நூற்று ஆறாவது ராத்திரி மீசை விழவில்லை.
ஆலைக்கு விடுமுறை; மாதேசு
சைக்கிள் கடை சொல்யூஷனைத் தடவியிருந்தான்.
மூன்றாம் அடி வந்தது, போனது.
அல்போன்ஸ் திருப்பிக் கொண்டுவந்தார், மறுபடி போனது.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"மீசையைக் கழட்டு, இல்லாட்டி காசைக் குடு!"
குஞ்சிதம் இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள்.
முகமே கூட வந்தது.
"வலிக்குது புள்ள" என்றான்.
ராஜா இல்லை, மாதேசு.
மைக் கேட்டுவிட்டது.
அவள் கை அப்படியே நின்றது அவன் கன்னத்தில்,
ஐந்நூறு ராத்திரி தொட்ட கன்னம்தான்.
அடுத்த வரி அவளுக்கு வரவில்லை.
கொடுத்தேன். வாங்கவில்லை.
மறுபடி கொடுத்தேன்.
கிடங்கில் எறும்பு நடப்பது கேட்டது.

வீட்டுக்குப் போகுமுன் எழுதிவைத்தேன்:
இங்கே 'வலிக்குது' என்பான்.

அடுத்த சனிக்கிழமை சொன்னான்,
எழுதியபடியே, நிறுத்தி, தெளிவாக.
யாரும் அசையவில்லை.
குஞ்சிதம் அடுத்த வரியை மறக்காமல் பாடினாள்.

அழித்தேன்.
அந்த இடத்தில் தாள் நைந்துவிட்டது.
விளக்கில் பிடித்தால் அடுத்த பக்கம் தெரிகிறது,
கணக்கு வாத்தியாரின் நேர்க்கோட்டு எழுத்தில்:
ராணி (பேசாமல் நிற்கிறாள்).