அறுபத்து மூன்றாம் கம்பம்

இரவுப் பணி. கிளிநொச்சியில், சபைக் கட்டிடத்தின் பின்னறை.
திரையில் நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.
பச்சை எரிகிறது. மஞ்சள் மங்கியிருக்கிறது.
சிவப்பு பேசவில்லை.
சிவப்பென்றால் பெரும்பாலும் குரங்கு.

ஆளில்லாத தெருவுக்கு இருபது வீதம்,
ஆள் வந்தால் நூறு.
யானை வந்தாலும் நூறுதான்;
வரி கட்டுகிறவர் யாரென்று விளக்குக்குத் தெரியாது.
63இன் கீழே மாடுகள் படுக்கும்.
காதை ஆட்டினாலும் நூறு.

மார்கழி ஏழாம் நாள் ஓர் அழைப்பு:
“எட்டாம் வாய்க்காலில இருந்து இராசமலர் கதைக்கிறன்.
உங்கட லைற்றுக்குக் கீழ
என்ர நெல்லு நித்திரை கொள்ளுதில்லை.”

சிரித்துவிட்டேன். அவ சிரிக்கவில்லை.
மறுநாள் உருத்திரபுரம் போய்ப் பார்த்தேன்.
வயல் முழுக்க மொட்டைக்கறுப்பன் கதிர் தள்ளி நிற்க
கம்பத்தைச் சுற்றி மட்டும் அரைவட்டமாய்
வெறும் பச்சை.
வெளிச்சம் விழுந்த இடத்தை
நெல்லே வரைந்து வைத்திருந்தது
எங்கள் பொறியியலாளரின் படத்தைவிடத் துல்லியமாக.

“அணைச்சு விடுங்கோ தம்பி.”
விரல் பொத்தான் வரை போனது.

பத்தே முக்காலுக்கு
ஆடைத் தொழிற்சாலை பஸ் அந்த முடக்கில் நிற்கும்.
மூன்று பிள்ளைகள் இறங்குவார்கள்.
அவர்களில் விதுர்சனா
போன ஆடியில் கையெழுத்துச் சேர்த்து
அந்தக் கம்பத்தைக் கேட்டு வாங்கியவள்.
மனு இன்னும் என் கோப்பில் கிடக்கிறது:
“எங்களுக்கு இருட்டில் பயமில்லை,
இருட்டில் நிற்பவர்களில்தான்.”

கைநூல் சொல்கிறது, வெளிச்சம் பாதுகாப்பு என்று.
நான் பிறந்த வருடம் இங்கே வெளிச்சம் ஒரு விலாசம்;
குப்பி விளக்குக்கும் மட்டை மறைப்பு.
எல்லாவற்றையும்
எந்த அட்டவணையில் எழுத?

எழுதினேன்:
63, அந்தியிலிருந்து பூச்சியம்.
22.43க்கு நூறு.
ஏழு நிமிடம்.
பிறகு பூச்சியம், கதிர் தள்ளும் வரை.
காரணம் என்ற கட்டத்தில் ‘நெல்’ என்று போட்டேன்.
கணினி ஏற்கவில்லை. பட்டியலில் இல்லையாம்.
‘பழுதுபார்ப்பு’ என்று மாற்றினேன்.

நேற்று பஸ் பிந்திவிட்டது.
22.50க்கு 63 சொன்னபடி அணைந்தது.
22.58. முடக்கில் ஏதோ அசைவென்று
64 மட்டும் தூரத்தில் கண்விழித்தது.
கையாலே 63ஐ நூறுக்குத் தள்ளினேன்.
அவர்கள் நடந்த வேகத்தில்
65, 66, 67 ஒவ்வொன்றாய்ப் பச்சையாகி
ஒவ்வொன்றாய் மஞ்சளாகி
ஒரு படலையடியில் நின்றன.

63ஐ அணைக்க மறந்துபோனேன்.

விடிய ஐந்து பத்துக்கு இராசமலரின் அழைப்பு.
மணி முழுதாய் அடித்து ஓயும் வரை
பார்த்துக்கொண்டிருந்தேன்.