தள்ளி

கேப்பர் மலையிலிருந்து இறங்கிய பேருந்தில்
என் பக்கத்து இருக்கை
முதுநகர் வரை காலியாகவே வந்தது.
மடியில் மஞ்சள் பை.
அதற்குள் ஒரு வேட்டி, ஒரு சீப்பு,
மூன்று வருடம் ஏழு மாதம்.

ஏலச்சீட்டு நடத்தினோம், நானும் தியோடரும்.
அறுபத்திரண்டு குடும்பம்.
பாதியை நான் தின்றேன்.
மீதியோடு அவன் சூரத்துக்குப் போனான்,
நான் மலைக்குப் போனேன்.

ஞாயிறு. மணி அடித்தது, கால் போனது.
வேறு காரணம் எனக்கு இன்றும் தெரியாது.
உப்பனாற்றுக் காற்றில் ஊதிப்போன கோயில் கதவு
தள்ளினால் முனகும்.
முனகியது.
எல்லாத் தலையும் திரும்பியது.

ஆண் பக்கம் பெண் பக்கம் பார்க்காத கடைசி பெஞ்ச்.
அதன் ஓரத்தில் சுகிர்தம் அக்கா.
அவள் மகளின் வளையல் காசு
என் நோட்டில் பதினேழாம் பக்கம்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தொகை சொல்வேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
குடையை எடுத்து முழங்காலில் சாய்த்தாள்.
கைப்பையை மடிக்கு மாற்றினாள்.
பிறகு, ஞானப்பாட்டில் ஒரு சொல்லும் விடாமல்
தள்ளி உட்கார்ந்தாள்.

தள்ளி.
இந்தச் சொல்லோடு எனக்குப் பழக்கம் உண்டு.
தெருவே என் வீட்டைத் தள்ளி வைத்தது.
தள்ளி நில்லுடா என்றான் வார்டன்.
மேல்முறையீடு தள்ளுபடி.
இதே சொல்லில்
ஒன்றரை அடிப் பலகை காலியாகும் என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.

உட்கார்ந்தேனா? அரைகுறையாக.
அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவன் மாதிரி.
திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போவார்கள்,
நான் என் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
தவணை எல்லாம் கட்டி முடித்தபின்
போய் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.
சீட்டுக்காரனுக்கு வேறு கணக்கு எப்படித் தெரியும்?

மீன்துறையில் ஐஸ் உடைக்கிறேன்.
மாதம் ஐந்நூறு அக்காவுக்கு.
வாங்கிக்கொள்கிறாள்,
எச்சில் தொட்டு எண்ணிப் பார்த்துத்தான்.

ஒரு வாரம் பிரசங்கத்தின் நடுவில் கிசுகிசுத்தாள்:
"நல்லா உக்காரு எலியாசர். பெஞ்ச் ஆடுது."

அன்று போய் முழங்காலிட்டேன்.
நாக்கில் ஒட்டிய அப்பம் கரைய மறுத்தது.
ருசி ஒன்றுமில்லை.
ரசீது இல்லாமல் கொடுக்கப்படுவதற்கு
ருசி எப்படி இருக்கும் என்று
என் வாய்க்குப் பழக்கமில்லை.

பிறகொரு நாள்,
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய ஞாயிறு,
கதவு முனகியது.
தியோடர்.
பாதி வாய் கோணி, வலது கை தனியாக நடுங்க,
சொட்டச் சொட்ட நின்றான்.

என் தொடை கல்லானது.
எனக்கும் அக்காவுக்கும் நடுவே இடமிருந்தது.
கால் அகட்டி ஓரத்தை அடைத்தேன்.
முன்வரிசை காலிதானே ஆண்டவரே என்றேன்,
உம் பக்கத்தில் உட்காரவையும்.
அவன் தின்றதற்கும் சேர்த்து
சிமெண்டுத் தரையில் படுத்தவன் நான் என்றேன்.
பதில் இல்லை.
பாட்டு முடிந்தது, அவன் நின்றான்.
விசுவாசப் பிரமாணம் முடிந்தது, அவன் நின்றான்.
அவனிடமிருந்து வடிந்த தண்ணீர்
தரையின் சரிவு பார்த்து வந்து
என் பாதத்தைத் தொட்டது.

தள்ளி உட்கார்ந்தேன்.
அன்பினால் என்று சொல்லமாட்டேன்.
எனக்குக் கீழிருந்த பலகை
என் பெயரில் இல்லை, அவ்வளவுதான்.

அவன் உட்கார்ந்தான், அரைகுறையாக.
பெஞ்ச் ஆடியது.

அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்
காணிக்கைப் பை,
சிவப்பு வெல்வெட், கைமாறிக் கைமாறி?
அக்கா என்னிடம் நீட்டினாள்.
நான் அவனிடம் நீட்டினேன்.
நடுங்கும் கை ஒரு காதைப் பிடிக்க
என் கை மறு காதை விடாதிருக்க
மொத்தக் கோயிலும் பாட்டை மறந்து பார்க்கிறது:
இரண்டு கள்ளருக்கு நடுவே
அது தொங்குவதை.